துளையில் இருப்பதும் பொறியில் இருப்பதும்

ஜக்கார்டு பெட்டி ஏறிய தறியை ஒரு முறையாவது பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு, தானாக வாசிக்கும் பியானோவை விளக்குவது எளிது. திருச்சுழி வட்டாரத்தில் அப்படிப் பார்த்தவர்கள் நிறையப் பேர். மேற்கே அருப்புக்கோட்டை நெசவு ஊர். பள்ளிக்கும் சந்தைக்கும் போய்வந்த வழியிலேயே தறிச் சத்தம் காதில் விழுந்திருக்கும்.

அந்தப் பெட்டியின் வேலையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். தறிக்கு மேலே பெட்டி இருக்கிறது. அதன் பக்கத்தில் ஒன்றோடொன்று தைத்துக் கோத்த அட்டைகள் தொங்குகின்றன. மிதியை மிதித்ததும் ஒரு அட்டை நகர்ந்து ஊசி வரிசைக்கு முன்னால் வந்து அமர்கிறது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி தடையில்லாமல் உள்ளே போகும். அதோடு சேர்ந்த கொக்கி நின்ற இடத்திலேயே நிற்கும். மேலே எழும் கத்தி அந்தக் கொக்கியைப் பிடித்துத் தூக்க, பாவு நூல் எழும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கொக்கி சாய்ந்து கத்திக்கு அகப்படாமல் போகும், நூல் கீழேயே கிடக்கும். எழுந்த நூலுக்கும் கிடக்கும் நூலுக்கும் இடையே நாடா ஓடுகிறது. இப்படி ஒவ்வொரு இழையாகச் சேலைக் கரையில் மயில் உருவாகிறது. மயிலை வரைந்தவர் வேறு எங்கோ இருக்கிறார். அவர் சொல்ல நினைத்தது முழுவதும் துளையாக மாறி அட்டையில் இருக்கிறது.

1804-ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்டு இந்தப் பெட்டிக்கு முழு உருவம் கொடுத்தார். யோசனை அவருக்கும் முந்தியது. அதே ஊரில் 1725-லேயே பசீல் பூஷோன் என்பவர் துளையிட்ட காகிதச் சுருளால் தறி நூலைத் தேர்ந்தெடுக்கும் வழியைச் செய்து பார்த்தார். காகிதம் சீக்கிரம் கிழிந்தது. அடுத்து வந்தவர்கள் அட்டைக்கு மாறினார்கள். நெசவு கைவிட்ட காகிதச் சுருளை ஒன்றரை நூற்றாண்டு கழித்து இசை கையில் எடுத்துக்கொண்டது. 1883-ல் எமில் வெல்டே, தானியங்கி வாத்தியங்களில் முள் பதித்த மர உருளைக்குப் பதிலாகக் காகிதச் சுருளை வைக்கும் முறைக்கு உரிமம் வாங்கினார். அவருடைய குடும்பத்து நிறுவனம் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் இருந்தது. 1904-ல் அதே நிறுவனம் வெல்டே-மின்யோன் என்ற கருவியைக் கொண்டுவந்தது. பெரிய கலைஞர் ஒருவர் வாசித்ததை, அவருடைய வேகத்தோடும் அழுத்தத்தோடும் திருப்பி வாசிக்கும் முதல் பியானோ அதுதான்.

தானியங்கிப் பியானோ அதற்கு முன்பும் உண்டு. அமெரிக்காவில் எட்வின் வோட்டி 1895-ல் செய்த பியானோலா வீட்டுக்கு வீடு புகழ் பெற்றிருந்தது. ஆனால் அது சரியான கட்டையைச் சரியான நேரத்தில் அடிக்கும், அவ்வளவுதான். மென்மையாக அடிப்பதா ஓங்கி அடிப்பதா என்பதைக் காலால் மிதிக்கிறவர் பார்த்துக்கொள்ள வேண்டும். வெல்டே செய்த புதுமை, அந்த அழுத்தத்தையும் துளையாக எழுதியது. அதன் முதல் வகைச் சுருளில் 100 துளைத் தடங்கள் உண்டு. 80 தடங்கள் சுரங்களுக்கு, மீதி 20 தடங்கள் எப்படி வாசிக்க வேண்டும் என்ற கட்டளைக்கு. பின்னால் அமெரிக்காவில் ஆம்பிகோ, டியோ-ஆர்ட் என்று போட்டிக் கருவிகள் வந்தன. ரஷ்ய இசையமைப்பாளர் ரஹ்மானினோஃப் 1919 முதல் ஆம்பிகோவுக்கு வாசித்தார். இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலர் 1905 நவம்பர் 9 அன்று லைப்ஸிக் நகரில் வெல்டேவுக்காக உட்கார்ந்து நான்கு சுருள்கள் வாசித்துவிட்டுப் போனார். மாலர் பியானோ வாசித்ததற்கு இன்று உலகத்தில் உள்ள சாட்சி அந்த நான்கு காகிதச் சுருள்கள் மட்டுமே.

இவ்வளவு பெரிய செல்வத்தை வெகுகாலம் யாரும் மதிக்கவில்லை. சுருள் வாசிப்பைக் கேட்டவர்கள், இது இயந்திரம் மாதிரி இருக்கிறது, உயிர் இல்லை, மாலர் இப்படியா வாசித்திருப்பார் என்றார்கள். பழி காகிதத்தின் மேலும் சில சமயம் கலைஞரின் மேலும் விழுந்தது. பெரும்பாலும் தவறு இரண்டிலும் இல்லை, சுருளை வாசித்த பழைய பியானோவின் மூச்சில் இருந்தது என்பதே என் முடிவு.

மூச்சு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தப் பியானோ காற்றை உறிஞ்சி இயங்குகிறது. உள்ளே துருத்தி காற்றை வெளியே இழுத்துக்கொண்டே இருக்கிறது. பித்தளைச் சட்டம் ஒன்றில் வரிசையாகச் சிறு வாய்கள். அதன் மேல் காகிதம் நழுவிச் செல்கிறது. காகிதத் துளை ஒரு வாயின் மேல் வந்ததும் வெளிக்காற்று உள்ளே புகுந்து, தோலால் ஆன சின்னப் பையை உப்ப வைக்கிறது. அது ஒரு வால்வைத் தூக்குகிறது. அந்தக் கட்டைக்குரிய குட்டித் துருத்தி சட்டென்று சுருங்கி, சுத்தியலைக் கம்பியின் மேல் எறிகிறது. உறிஞ்சும் விசை கூடினால் குட்டித் துருத்தி வேகமாகச் சுருங்கும், ஓசை பெருகும். குறைந்தால் ஓசை மெலியும். கலைஞரின் விரல் அழுத்தம் முழுவதும் இந்த ஒற்றை அளவில்தான் அடங்கியிருக்கிறது.

அந்த அளவு எவ்வளவு நுட்பமானது தெரியுமா? ஒரு கண்ணாடிக் குழாயை வளைத்துத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையைப் பியானோவின் காற்றுக் குழாயோடு இணைத்துப் பார்ப்பார்கள். மிக மென்மையான வாசிப்புக்குத் தண்ணீர் ஐந்து அங்குலம் அளவுக்கு ஏறும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் முழு அழுத்தத்தைத் தண்ணீரில் அளந்தால் நானூறு அங்குலத்துக்கு மேல். அதாவது வளிமண்டல அழுத்தத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. மாலரின் மென்மை அந்த ஒரு பங்குக்குள் இருக்கிறது. ரப்பர் துணியில் ஊசி முனை அளவு விரிசல், விறைத்துப்போன ஒரு தோல் பை, இணைப்பு விட்ட ஒரு ஈயக் குழாய் போதும். அந்த ஒரு பங்கு கசிந்து போய்விடும்.

ஆகவே பழுது பார்க்கிறவர்கள் முதலில் கசிவை அடைக்கிறார்கள். துணி, தோல், குழாய் எல்லாம் புதிதாக மாற வேண்டும். புதுத் தோல் பழையதைவிடத் துளி தடித்தாலும் வால்வு எழும் உயரம் மாறிவிடும். இந்த வேலைக்குப் பொறுமை வேண்டும், மற்றபடி மர்மம் ஒன்றும் இல்லை. மர்மம் அடுத்த கட்டத்தில்தான் தொடங்குகிறது.

கருவியோடு சோதனைச் சுருள் ஒன்று வரும். அதில் பாட்டு இல்லை. ஒவ்வொரு கட்டையையும் மிகக் குறைந்த விசையில் தட்டிப் பார்க்கும் துளைகள் வரிசையாக இருக்கும். சுத்தியல் கம்பியைத் தொட்டும் தொடாமலும் ஓசை எழ வேண்டும். சில கட்டைகள் ஊமையாகிவிடும். அப்போது அவசரக்காரர் செய்வது என்ன? எல்லாக் கட்டையும் பேசும் வரை அடிப்படை விசையைக் கூட்டிவிடுகிறார். எல்லாம் ஒலிக்கிறது, வீட்டுக்காரருக்கும் திருப்தி. ஆனால் அதற்குமேல் அந்தப் பியானோவால் மெதுவாகப் பேசவே முடியாது. கலைஞர் கிசுகிசுத்த இடமெல்லாம் சாதாரணப் பேச்சாகிவிடும். உயிரில்லை என்று கேட்டவர்கள் சொன்னதற்குப் பாதிக் காரணம் இதுதான். நல்ல தொழில்காரர் விசையைத் தொடுவதில்லை. ஊமையான கட்டையைத் தேடிப் போய், அதன் உராய்வு எங்கே என்று பார்க்கிறார். மழைக்காலத்தில் கம்பளி உறைகள் ஈரம் குடித்து உப்பியிருக்கும், அச்சு இறுகியிருக்கும். அதைத் தளர்த்திவிட்டுத் திரும்பவும் சோதனைச் சுருளை ஓட்டுகிறார்.

கட்டளைத் துளைகளைப் படிக்கும் விதத்தில் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு வழி. டியோ-ஆர்ட்டின் வழி கணினி படித்தவர்களுக்கு உடனே பிடிபடும். நான்கு துளைகள், அவற்றின் மதிப்பு 1, 2, 4, 8. எவை திறந்திருக்கின்றனவோ அவற்றின் கூட்டுத்தொகை ஓசையின் அளவு. சுழியிலிருந்து பதினைந்து வரை பதினாறு படிகள். மேசைக் கணினி கனவில்கூட இல்லாத காலத்தில் வரவேற்பறையில் இருந்த பியானோ இரும எண்ணில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

வெல்டேயின் வழி வேறு. அது எத்தனையாவது படி என்று சொல்லாது. இப்போது ஏறத் தொடங்கு என்கிறது ஒரு துளை. நிறுத்து, இறங்கு என்கின்றன அடுத்தடுத்த துளைகள். கண்ணைக் கட்டிக்கொண்டு இத்தனை நேரம் நடந்தோம், ஆகவே இங்கே வந்திருப்போம் என்று கணிப்பது போன்றது இது. நடையின் வேகம் சரியாக இருந்தால் மட்டுமே சேரும் இடம் சரியாக இருக்கும். ஏற்றத்தை நடத்தும் துருத்தி கொஞ்சம் சோம்பிவிட்டால், முதல் வாக்கியத்தில் விழுந்த சிறு பிழை அடுத்த வாக்கியத்துக்கும் தொடர்ந்துகொண்டே போகும். வெல்டேக்காரர்கள் இதை அறிந்து, நடு அளவில் துருத்தியைப் பிடித்து நிறுத்த ஒரு கொக்கி வைத்தார்கள். சரியான இடத்துக்கு அவ்வப்போது திரும்பிவர அது உதவும். அந்தக் கொக்கியின் இடம் மயிரிழை தவறினாலும் திரும்பிவரும் இடமே தவறாகிவிடும்.

புதிய கருவி பழைய சுருளை இன்னும் நன்றாக வாசிக்கும் என்ற நம்பிக்கையும் உடைகிறது. 1920-களின் நடுவில் ஆம்பிகோ நிறுவனம் கிளாரன்ஸ் ஹிக்மன் என்ற இயற்பியலாளரை வேலைக்கு அமர்த்தியது. ராக்கெட் ஆய்வில் ராபர்ட் காடர்டோடு வேலை செய்தவர் அவர். அதுவரை ஓசை அளவைப் பெரும்பாலும் காதால் கேட்டுப் பதிப்பாசிரியர்கள் குறித்தார்கள். ஹிக்மன் மின் தீப்பொறியைப் பயன்படுத்திச் சுத்தியலின் வேகத்தையே அளக்க வழி செய்தார். அவருடைய யோசனைகளோடு 1929-ல் ஆம்பிகோவின் 'பி' மாடல் வந்தது. அற்புதமான கருவி அது. ஆனால் பழைய 'ஏ' மாடலில் இடக்கைப் பகுதிக்கும் வலக்கைப் பகுதிக்கும் ஓசையை ஏற்றி இறக்கும் அமைப்பு தனித்தனியாக இருந்தது. புதிய மாடலில் அது இரண்டுக்கும் பொதுவான ஒன்றாகச் சுருக்கப்பட்டது. இடது கை ஏறிக்கொண்டிருக்கும்போது வலது கை அடங்க வேண்டும் என்று பழைய சுருள் கேட்டால், புதிய கருவிக்கு அந்தப் பேச்சே புரியாது. அதனால்தான் இன்றைய ஆர்வலர்கள் சிலர் பழைய சுருளுக்குப் பொருந்துமாறு 'பி' மாடலைத் திருத்தி அமைக்கப் பாடுபடுகிறார்கள். 240 கொக்கிப் பெட்டிக்குக் குத்திய அட்டையை 400 கொக்கிப் பெட்டியில் மாட்டினால் என்ன ஆகும் என்று நெசவாளரைக் கேளுங்கள். பெட்டி பெரிதுதான், மயில் மட்டும் வராது.

வேகமும் தொல்லை பிடித்தது. ஆம்பிகோ சுருளில் 70 என்று அச்சிட்டிருந்தால், காகிதம் நிமிடத்துக்கு ஏழு அடி ஓட வேண்டும். சோதிக்க, காகிதத்தில் ஏழடி அளந்து குறியிட்டு, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார்கள். தொடக்கத்தில் சரியாக இருப்பது முடிவில் வேகமாகிவிடும். காகிதத்தை இழுக்கும் உருளையில் சுற்றுக்கு மேல் சுற்றாகச் சேர்ந்து அதன் பருமன் கூடுகிறது. உருளை அதே வேகத்தில் சுற்றினாலும் ஒரு சுற்றுக்கு இழுபடும் காகிதம் நீளுகிறது. இந்த வேக ஏற்றம் காகிதத்தின் தடிமனைப் பொறுத்தது. பழைய சுருள் நொறுங்கிப் போனதால் தடித்த காகிதத்தில் மறுபிரதி எடுத்தால், துளைகள் அச்சு அசலாக இருந்தும் பாட்டின் முடிவு ஓட்டமாக ஓடும். காகிதத்தின் தடிமன்கூட வாசிப்பின் பகுதிதான்.

அப்படியானால் இந்தச் சுருள்களில் எதை நம்புவது? இதற்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுஸ்ஸியின் ஒரு சுருள் நல்ல விடை தருகிறது. 1910-ல் அவருடைய பியானோ முன்னிசைகளின் முதல் தொகுதி அச்சில் வந்தது. அதில் கடலில் மூழ்கிய தேவாலயத்தைப் பற்றிய இசை ஒன்று உண்டு. அச்சுப்படி வாசித்தால் நடுப்பகுதி தவழ்ந்து போகும். டெபுஸ்ஸியே வெல்டேவுக்கு வாசித்த சுருளில், குறிப்பிட்ட சில பகுதிகள் மட்டும் ஏறக்குறைய இரட்டை வேகத்தில் போகின்றன. அச்சில் வேக மாற்றத்துக்கான குறி விடுபட்டிருக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வுப் பதிப்பு அதை ஏற்றுக்கொண்டது. இங்கே பியானோ சரியான வேகத்தில் ஓடியதா என்ற கேள்வியே எழவில்லை. கருவி மொத்தமாக வேகமாக ஓடட்டும், மெதுவாக ஓடட்டும், அருகருகே இருக்கும் இரண்டு பகுதிகளுக்கு இடையே ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் மாறாது. அது துளைகளின் இடைவெளியில் இருக்கிறது. விகிதம் காகிதத்துக்குச் சொந்தம். மொத்த வேகமும் ஓசையின் அளவும் கருவிக்குச் சொந்தம். பழைய பதிவு எதைக் கையில் எடுத்தாலும் இந்தப் பாகப்பிரிவினையைச் செய்துவிட்டுத்தான் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் இதைப் பெரிய அளவில் செய்துவருகிறது. ஆஸ்திரேலியாவில் டெனிஸ் காண்டன் சேர்த்திருந்த ஆயிரக்கணக்கான சுருள்களை 2014-ல் அது பெற்றது. சுருளைப் படமெடுத்து, துளைகளைக் கணினியால் அடையாளம் கண்டு, பழைய துருத்திகள் எப்படி ஏறி இறங்கும் என்பதையும் மென்பொருளாக எழுதி, ஓசையைக் கணக்கிடுகிறார்கள். அங்கே பியானோ கற்பிக்கும் குமரன் அருள் இதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். 2019-ல் வெல்டே சுருள்களில் 478-ஐ அவர்கள் பொதுவில் வைத்தார்கள். இதில் எனக்குப் பிடித்தது, துளைகளின் படத்தையும் கணித்த ஓசையையும் தனித்தனியாக வைத்திருப்பது. துருத்தியைப் பற்றிய கணக்கு நாளை திருந்தினால், படத்திலிருந்து மறுபடி தொடங்கலாம்.

நம் பக்கம் இந்தப் பியானோக்கள் புழங்கவில்லை. ஆனால் இதே சிக்கல் வேறு உருவத்தில் நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கிறது. கிராமபோன் பிளேட்டைச் சொல்கிறேன். 1902-ல் கிராமபோன் கம்பெனியின் ஃப்ரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்தார். 1908-ல் கல்கத்தா சியால்தாவில் பிளேட்டு அச்சடிக்கும் தொழிற்சாலை வந்தது. அதன் பிறகு சாவி கொடுக்கும் பெட்டி தமிழ்நாட்டு ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. பின்னர் கல்யாண வீட்டிலும் பங்குனிப் பொங்கலிலும் குழாய் கட்டிப் போட்டதும் அதே பிளேட்டுகள்தான்.

அந்தப் பிளேட்டுகளை எழுபத்தெட்டு என்று ஒரே வேகத்தில் சொல்கிறோம். தொடக்க காலத்தில் அப்படி ஒரு கட்டுப்பாடு இல்லை. 70-க்குக் கீழேயும் 80-க்கு மேலேயும் பதிவு செய்தவை உண்டு. 74-ல் பதிவானதை 78-ல் சுற்றவிட்டால் சுருதி ஏறக்குறைய அரைக்கட்டை ஏறிவிடும். மூன்று நிமிடம் பத்து விநாடிப் பாட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். நாடகப் பாடகர் செங்கோட்டை கிட்டப்பா 1933-ல் இருபத்தேழு வயதில் இறந்துபோனார். அவருடைய குரல் இன்று மிஞ்சியிருப்பது பிளேட்டுகளில்தான். அவர் பாடியது எத்தனை கட்டை என்று நம் ரசிகர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். டெபுஸ்ஸி சுருள் சொன்ன பாகப்பிரிவினை இங்கேயும் பொருந்தும். ராகத்தின் சுர இடைவெளி, கமகத்தின் வளைவு, தாளத்தின் பங்கீடு எல்லாம் விகிதங்கள். அவை பள்ளத்தில் பத்திரமாக இருக்கின்றன. கட்டையும் காலப்பிரமாணமும் பெட்டியின் வேகத்தைப் பொறுத்தவை. வேகத்தை உறுதி செய்யாமல் அவற்றைப் பற்றி அடித்துப் பேச முடியாது.

உறுதி செய்ய வழி இல்லாமல் இல்லை. பின்னணியில் ஹார்மோனியம் ஒலித்தால், அதன் நாக்குகள் நிலையான சுருதி உள்ளவை. எந்த வேகத்தில் அது ஏதோ ஒரு கட்டையோடு ஒத்துப்போகிறது என்று பார்க்கலாம். ஒரே கலைஞர் ஒரே நாளில் பதிவு செய்த பல பக்கங்களை ஒப்பிடலாம். முடிவு ஒரே எண்ணாக வராது, ஆனால் இரண்டு மூன்று வேகங்களுக்குள் அடங்கிவிடும். அந்த அளவுக்கு வந்தாலே பெரிய லாபம்.

சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் போன்ற சேகரிப்பாளர்கள் பல ஆயிரம் பிளேட்டுகளைக் காப்பாற்றியிருக்கிறார்கள். அவர்கள் கைக்கு வராதவை இன்னும் அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் காரியாபட்டியிலும் பழைய வீடுகளில் இருக்கக்கூடும். ரேடியோ செட் வைத்திருந்தவர் வீட்டில் விசாரித்துப் பாருங்கள். கிடைத்தால் சில காரியங்களைச் செய்யாதீர்கள். ஸ்பிரிட் தொட்டுத் துடைக்காதீர்கள். பிளேட்டு அரக்கால் ஆனது, அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். பழைய இரும்பு ஊசியைப் போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பள்ளத்தைத் தேய்க்காதீர்கள். பிற்கால எல்.பி. தட்டுக்கான ஊசியும் வேண்டாம். அது ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ. இந்தப் பள்ளத்துக்கு ஆயிரத்தில் மூன்று பங்கு வேண்டும், இல்லையென்றால் ஊசி அடியில் கிடக்கும் தூசியைத்தான் படிக்கும். கணினியில் ஏற்றும்போது இரைச்சலை நீக்காத மூலப் பதிவு ஒன்றைத் தனியாக வைத்திருங்கள். எந்த வேகத்தில், எந்த ஊசியில் ஓட்டினீர்கள் என்பதையும், பிளேட்டின் நடுவில் ஒட்டிய காகிதத்திலும் அதன் ஓரத்திலும் உள்ள எண்களையும் அதோடு எழுதி வையுங்கள்.